நர்சம்மா வீட்டுக் காபி

நர்சம்மா பொய் சொல்வார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் வாயில் எல்லாரும் தங்கமாகிவிடுகிறார்கள். அவர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவரைத் தங்கமாக்க எனக்கு மனசு வரவில்லை.

வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் அந்த ஊர். அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு காலேஜ் ஆபீசில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி. எப்போதாவது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் வருவார். மற்ற நாளெல்லாம் மேலே நான் ஒருத்தி, கீழே நர்சம்மா ஒருத்தர்.

சுத்துப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவர் அவர். ரிடையர் ஆன பிறகும் பெயர் மாறவில்லை. ரேஷன் கடையில்கூட நர்சம்மாதான். ஊசி போட வந்தால் முதலில் பிள்ளையின் கன்னத்தைத் தடவுவாராம். "ஊசி இல்லடா கண்ணு. ஈரப் பஞ்சு வச்சுத் தொடச்சி வுடுறேன், அவ்ளோதான்" என்பாராம். அடுத்த நொடி சுருக்கென்று இறங்கிவிடும்.

"இந்த ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் மொதப் பொய்ய சொன்னதே நர்சம்மாதான்" என்று செல்வியக்கா சிரிப்பாள். செல்வியக்கா எதிர் வீடு. இரண்டு மாடு வைத்துக்கொண்டு தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள்.

நான் குடிவந்த புதிதில் நர்சம்மாவின் பொய்கள் எனக்குப் பொய் என்று தெரியவில்லை. வீட்டில் எதைத் தொட்டாலும் "எம்புள்ள அனுப்புனது" என்பார். சுவர்க் கடிகாரம், கால்மிதி, சோபா உறை, எல்லாம் பிரான்சிலிருந்து வந்ததுதான். ஒருநாள் மழைக்கு ஒரு குடை கொடுத்தார். "பாத்துப் புடி, எம்புள்ள அனுப்புனது." பஸ் ஸ்டாப்புக்குப் போய் விரித்துப் பார்த்தால் உள்ளே வில்லியனூர் ஜவுளிக்கடை ஒன்றின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. தீபாவளிக்குத் துணி எடுத்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த குடை. சாயங்காலம் நன்றாகக் காயவைத்து, மடித்து, அந்த எழுத்து உள்பக்கம் போகிறமாதிரி சுருட்டித் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். 

மகன் இருப்பது மட்டும் நிஜம். ஒரே மகன், பெயர் குமரன். எங்கள் பக்கத்தில் 'நேஷனாலிட்டி' என்றால் பிரெஞ்சுக் குடியுரிமை என்று மட்டும்தான் அர்த்தம். நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையும் பிரான்சுக்குப் போய்விடலாம். புதுச்சேரி டவுனில் அப்படி ஒரு பெண் அமைந்து, கல்யாணமான அடுத்த வருஷமே குமரன் போய்விட்டார். அங்கே ரொட்டி சுடுகிற ஒரு பெரிய தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு. அவருடைய மாமனார் வீட்டு ஆட்கள் எல்லாரும் அங்கேயே, அதே ஊரில். கணவர் இறந்து வெகுகாலம் ஆன நர்சம்மாவுக்கு இங்கே சொந்தம் என்று யாரும் வந்துபோவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் பாதிதூரம் ஏறி நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"வனிதா, உன் போன்லயே எல்லாம் வாங்கலாமாமே?"

"என்னம்மா வேணும்?"

"ஒரு குடுவ. எட்டுப் பட்ட வச்சிருக்கும். இடுப்பு ஒடுங்கி, மேல மூக்கு வச்சி, கருப்புக் கைப்புடி. அதுல காபி கீழேர்ந்து மேல ஏறும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காபி எப்படிம்மா மேல ஏறும்?"

"ஏறுதுடி. நான் பாத்தேன்."

மகன் அபூர்வமாக வீடியோவில் கூப்பிட்டிருக்கிறார். சமையல்கட்டில் நின்றுகொண்டு பேசியிருக்கிறார். அவருக்குப் பின்னால் அடுப்பில் அந்தக் குடுவை கொடகொடவென்று சத்தம் போட்டிருக்கிறது. "அது இன்னாடா?" என்று இவர் கேட்க, "காபிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று அவர் வைத்துவிட்டார். இவருக்கு அந்தக் குடுவை மனசில் தங்கிவிட்டது.

"உங்க கிட்டதான் பில்டர் இருக்கே?"

"அவன் குடிக்கிறது இன்னா ருசின்னு எனக்குத் தெரிய வேணாமா?"

போனில் தேடிப் படம் காட்டினேன். "தோ, தோ, இதுதான்!" என்று விரலால் குத்தினார். மோக்கா என்று போட்டிருந்தது. ஆனால் அடுப்பில் வைக்கிற அந்தச் சின்னக் குடுவை நம் கேஸ் அடுப்பின் வளையத்தில் நிற்காது, சாய்ந்துவிடும் என்று அவரே சொன்னார். இன்னும் கீழே தள்ளினால் மின்சாரத்தில் ஓடுவது ஒன்று இருந்தது. அடியில் ஒரு தட்டு, அதிலிருந்து ஒயர், தட்டின்மேல் அதே எட்டுப் பட்டைக் குடுவை.

"கரண்டுலயா? அப்ப இன்னும் நல்லது. மறந்து வுட்டாலும் தானா நின்னுடுமா, கேளு."

நின்றுவிடும் என்று எழுதியிருந்தது. வாங்கினோம்.

பார்சல் வந்தபோது நான் ஆபீசில். சாயங்காலம் வந்து பார்த்தால் பெட்டியைப் பிரிக்காமல் டீப்பாய்மேல் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தார். கூட இருந்த சின்னப் புத்தகத்தில் என்னென்னவோ பாஷை இருந்தது, தமிழ் இல்லை. நான் இங்கிலீஷைப் படித்துச் சொல்லச் சொல்ல அவர் செய்தார். அடிப் பாத்திரத்தில் தண்ணீர். அதன்மேல் புனல்மாதிரி ஒரு சல்லடை, அதில் காபித்தூள். மேல் குடுவையை அதன்மேல் வைத்து மரைபோட்டு இறுக்க வேண்டும். தட்டில் வைத்து சுவிட்சைத் தட்டினால் கீழே தண்ணீர் கொதித்து, ஆவி தள்ளி, தூள் வழியாக மேலே ஏறி, நடுவில் இருக்கிற குழாயிலிருந்து காபியாகக் கொட்டும்.

கொட்டவில்லை. இடுப்புப் பக்கம் புஸ்ஸென்று ஆவிதான் சீறியது. வீட்டில் இருந்தது சிக்கரி கலந்த பில்டர் தூள். அதைப் போட்டு, பில்டரில் அமுக்குகிற பழக்கத்தில் கரண்டியால் அமுக்கியும் வைத்திருந்தார். தண்ணீர் ஏற வழி இல்லை. புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் அமுக்கக் கூடாது, மாவாக அரைத்த தூள் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது.

மறுநாள் பஸ் ஏறி வில்லியனூர் மார்க்கெட்டுப் பக்கம் காபிக்கொட்டை அரைக்கிற கடைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே நடந்ததை நடித்தே காட்டினார்.

"சிக்கரி எவ்ளோ போடணும்னான். வேணாம்னேன். பில்டருக்குத்தானம்மான்னான். இல்லப்பா, கீழேர்ந்து மேல ஏறுறதுக்குன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாக்குறான்! ரவை மாதிரி அரைடான்னு நின்னு அரைச்சு வாங்கிக்கினு வந்துட்டேன்."

அன்றைக்கு ஏறியது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் எட்டிப் பார்த்தோம். குழாயின் வாயில் முதலில் ஒரு சொட்டு கருப்பாக எட்டிப் பார்த்தது. பிறகு தேன் மாதிரி வழிந்தது. கடைசியில் நுரையும் சத்தமுமாகக் குதித்தது. வீடெல்லாம் வாசனை. அவர் ஒரு தம்ளரில் அப்படியே ஊற்றி, பாலில்லாமல் சர்க்கரையில்லாமல் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. விழுங்கிவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தக் கசப்பயா குடிக்கிறான்?" என்றார். பிறகு, "பாலு ஊத்திக் குடுக்கக்கூட அங்க ஆளு இல்ல போல" என்றார்.

அதற்கப்புறம் பால் காய்ச்சி, சர்க்கரை போட்டு எனக்கு ஒரு தம்ளர் நீட்டினார். தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்தக் குடுவையில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு ஆளுக்கு மட்டும் போட முடியாது. தண்ணீரையும் தூளையும் குறைத்தால் காபி சரியாக ஏறாது, ஏறினாலும் கருகல் நெடி அடிக்கும். முழுசாகப் போட்டால் பாலோடு சேர்த்து நாலு பேருக்கு வரும். முதல் வாரம் தெருவே வந்து பார்த்துக் குடித்துவிட்டுப் போனது. பிறகு அவரவர் வேலை அவரவர்க்கு. ஆனாலும் நர்சம்மா நாலு தம்ளரை எடுத்து வரிசையாக வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். கரண்ட் பில் கணக்கெடுக்க வருகிறவர், கேபிள்காரர், யார் தெருவில் தெரிந்தாலும் "காபி குடிச்சிட்டுப் போப்பா" என்பார். யாரும் வராத நாளில் குடிக்காத தம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

செல்வியக்கா முதன்முதலாக வந்து குடித்த அன்று நானும் இருந்தேன்.

"இது ஏது நர்சம்மா புதுசா?"

"எம்புள்ள அனுப்புனது" என்றார் நர்சம்மா. சொல்லிவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. ஊசியை மறைத்துக்கொண்டு கன்னத்தைத் தடவும்போது எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படி. நான் தம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் செல்வியக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீதான ஆர்டர் போட்டுக் குடுத்த?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கொரியர்காரன் என்னாண்டதான் வழி கேட்டான். பொட்டி மேல பெங்களூருன்னு போட்டிருந்துது. எனக்குப் படிக்கத் தெரியும்னு நர்சம்மாவுக்கு எப்பவும் மறந்து போயிடும்."

"அப்புறம் ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"சொல்லி? நான் கேட்டுட்டா மட்டும் அவன் அனுப்பிடப் போறானா?"

குடை, கடிகாரம், கால்மிதி எல்லாம் தெருவுக்கே தெரிந்திருந்தது. தெருவுக்குத் தெரியும் என்பது நர்சம்மா ஒருத்தருக்குத்தான் தெரியாது.

அவருடைய பொய்யில் ஒன்று எனக்கும் விழுந்தது. அந்த வருஷம் எனக்கு நாள் தள்ளிப்போய், மூன்றாம் மாசத்தில் கலைந்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் ஊரிலிருந்து யாரும் வரவில்லை. நர்சம்மாதான் மேலே வந்து படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பாதத்தை அமுக்கிவிட்டார்.

"எனக்கும் மொதல்ல இப்படித்தான் ஆச்சு. குமரனுக்கு முன்னாடி ஒண்ணு. நாலு மாசம் அழுதேன். அப்புறம் இவன் வரலியா?"

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். அவருக்கும் நடந்திருக்கிறது, அவரும் எழுந்து நடமாடியிருக்கிறார், எனக்கும் முடியும் என்று. மாசக்கணக்கில் அது என்னைத் தாங்கியது. பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் செல்வியக்காவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அப்படியா சொன்னுச்சு? அதுக்குக் கண்ணாலமான பத்தாம் மாசமே குமரன் பொறந்துட்டான்டி. எங்கம்மாதான் கூட இருந்தாங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் துக்கத்துக்கு ஒரு பொய்யைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்துவிட்டாரே என்று. இரண்டு நாள் காபிக்கு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரே தம்ளரை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். "ஆறிடப் போகுது, குடி" என்றார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நான் குடித்தேன். பொய் என்று தெரிந்த பிறகும் அந்த இரண்டு நாளும் நான் அழவில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மழைக்காலத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு விட்டுப்போய் மாவுக்கட்டு. சமையலுக்கு நான் உதவுவேன், செல்வியக்கா குழம்பு கொண்டுவந்து தருவாள். அதையெல்லாம் சமாளித்துவிட்டார். காபிக் குடுவையைத்தான் சமாளிக்க முடியவில்லை. மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்து இறுக்க வேண்டியது அது. தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் திருகிப் பார்த்து, தண்ணீரெல்லாம் புடவையில் கொட்டிக்கொண்டார். அதிலிருந்து தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் நான் இறங்கிவந்து இறுக்கித் தருவேன்.

அப்படி ஒரு காலையில்தான் அவர் மகனோடு பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். அங்கே அப்போது இன்னும் விடிந்திருக்காது. ஷிப்டு நடுவில் கிடைக்கிற இடைவேளையில் கூப்பிட்டிருந்தார். நர்சம்மா போனை இடது கையில் பிடித்துக்கொண்டு குடுவைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அது கொடகொடக்க ஆரம்பித்திருந்தது.

"நல்லா இருக்கேன்டா. எனக்கு இன்னா? காபி போட்டுக்கினு இருக்கேன். நாலு பேரு வந்திருக்காங்க. பேச்சு, சிரிப்பு, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. மாடி வூட்டுப் பொண்ணு இங்கதான் மூணு வேளையும் சாப்புடுது. உங்க பெரியப்பா வூட்டுப் பையன் ராத்திரியில தொணைக்குப் படுத்துக்கிறான். சரிடா, வைக்கிறேன், ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

வைத்துவிட்டார். வீட்டில் அவரும் நானும்தான். பெரியப்பா வீட்டுப் பையன் என்று ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. கட்டுப் போட்ட கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"அங்க இருந்துக்கினு அவன் இன்னா பண்ணுவான்? அடுப்பாண்ட நிக்கிற வேல. நெனப்பு இங்க இருந்தா கையச் சுட்டுக்குவான்" என்றார். அது அவர் சொன்ன பொய்களில் சேராது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த கோடையில் குமரன் வந்தார். மனைவி வழியில் ஏதோ கல்யாணம். மனைவி, பிள்ளைகள் எல்லாம் புதுச்சேரி டவுனில் கல்யாண வீட்டில். இவர் மட்டும் ஒரு நாள் காலையில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தார். நர்சம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். செல்வியக்கா, பக்கத்துத் தெரு டெய்லரம்மா, இன்னும் இரண்டு மூன்று பெண்கள் ஹாலில் நிறைந்துவிட்டார்கள். நானும் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். கொஞ்சம் வழுக்கை விழுந்த, மெலிந்த மனிதர். கைகளில் பழைய சூட்டுத் தழும்புகள். எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, யார் யார் என்று நினைவுபடுத்திக்கொள்ளப் பாடுபட்டார்.

நர்சம்மா சமையல்கட்டு வாசலில் நின்று தட்டு துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே குடுவை கொதிக்கத் தொடங்கியிருந்தது. செல்வியக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"தம்பி, நீ அனுப்புன மிஷின்லதாம்பா நாங்கெல்லாம் காபி குடிக்கிறோம். நல்லா இருப்ப."

செல்வியக்கா வெள்ளந்தியாகச் சொல்லவில்லை. அவள் கண் குமரன்மேலேயே இருந்தது. டெய்லரம்மாவும் மற்றவர்களும் அசையாமல் அவரையே பார்த்தார்கள். இத்தனை நாள் தெருவே பொத்திவைத்திருந்த பொய்யை இன்றைக்கு அவர் மடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

"மிஷினா?" என்றார் குமரன்.

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். நர்சம்மா ஏற்கெனவே துடைத்துவிட்ட தட்டை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. குமரன் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். கொதித்துக்கொண்டிருந்த குடுவையைக் குனிந்து பார்த்தார். அதன் எட்டுப் பட்டையையும் மூக்கையும் கைப்பிடியையும் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றமாதிரி எனக்குத் தோன்றியது.

"உள்ள ரப்பர் வளையம் தேஞ்சிருக்கும்மா. ஓரத்துல ஆவி வருது பாரு" என்றார். பிறகு, "மிஷினோடயே ரெண்டு சேர்த்து அனுப்பியிருக்கணும், மறந்துட்டேன். போனதும் அனுப்புறேன்" என்றார்.

செல்வியக்கா பெருமூச்சு விட்டாள். "காபிய ஊத்து நர்சம்மா, இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற?" என்று அதட்டினாள். நர்சம்மா ஊற்றினார். அன்றைக்குத் தம்ளர்கள் போதாமல் என் வீட்டிலிருந்து எடுத்து வந்தோம்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் குமரன் மாடிக்கு வந்தார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதான வாங்கிக் குடுத்தீங்க?"

"ஆமாங்க. அம்மாதான் கேட்டாங்க. உங்க வூட்டு அடுப்புல பாத்தாங்களாம்."

தலையாட்டினார். 

"எப்பக் கூப்ட்டாலும் நாலு பேரு வந்திருக்காங்க, வைக்கிறேன்னு சொல்லும். பின்னாடி அந்தச் சத்தம் வேற கேக்கும். எனக்கு அது ஒரு நிம்மதிங்க. அம்மாவச் சுத்தி ஆளுங்க இருக்காங்க, நம்ம எதுக்கு நடுவுல தொந்தரவு பண்ணணும்னு நானே வச்சிடுவேன். அங்க எனக்கு அப்படி இல்ல. நான் வேலையிலேர்ந்து வர்றப்ப எல்லாம் வேலைக்கும் ஸ்கூலுக்கும் கெளம்பிப் போயிருப்பாங்க. நான் காபி போட்டா நான் ஒருத்தன்தான் குடிக்கணும்." நிறுத்திவிட்டுக் கேட்டார்: "பெரியப்பா பையன் ராத்திரியில வந்து படுக்குறானா, இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். கீழே இருக்கிறவர் அதைத்தான் விரும்பியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை.

"யாரும் வர்றதில்லங்க. காலையில நான் இருப்பேன். சில நாள் செல்வியக்கா. அம்மாவுக்குக் கை ஒடஞ்சப்பகூட நாங்க ரெண்டு பேருதான் பாத்துக்கிட்டோம்."

"கை ஒடஞ்சுதா?"

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கிப் போகும்போது படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று போனார்.

கீழே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. டிவி சத்தம்தான் கேட்டது. பொழுது சாயுமுன் கார் கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு நர்சம்மா என்னிடம், "கையோட கூட்டிக்கினு போறேன்னான். இங்க எனக்கு இவ்ளோ ஆளுங்க இருக்காங்க, நான் எப்படிடா வர்றதுன்னு சொல்லிட்டேன்" என்றார். குமரன் அப்படிக் கூப்பிட்டாரா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ரப்பர் வளையங்கள் தபாலில் வந்தன. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் வந்தது. குமரன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தார். அவருக்கு விடிகாலை, நமக்கு மத்தியானச் சமையல் நேரம். நர்சம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம் என்றால் பதட்டம் ஒரு பக்கம். வெறும் போனில் நாலு பேரை உண்டாக்கிவிடலாம். வீடியோவில் முடியாது. பின்னால் காலி நாற்காலி தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே ஆள் திரட்டுவார். "வனிதா, அவன் கூப்புட்ற நேரம், வந்து குந்து." "செல்வி, மாட்ட அப்புறம் பாத்துக்கலாம், வாடி." நாங்கள் போய் உட்காருவோம். கையில் காபியோடு, போட்டோவுக்கு நிற்கிறமாதிரி. குமரன் எங்கள் ஒவ்வொருத்தரையும் விசாரிப்பார். நர்சம்மா பின்னால் நின்றுகொண்டு எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டே இருப்பார். அம்மாவும் மகனும் பேசிக்கொண்டதென்னவோ ஒன்றுமே இல்லை.

மறு வருஷம் எனக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்தேன். நர்சம்மா அதற்கப்புறமும் சில வருஷம் இருந்தார். ஒரு காலையில் பால் ஊற்றப் போன செல்வியக்கா, கதவு திறக்காததைப் பார்த்து ஆட்களைக் கூட்டியிருக்கிறாள். தூக்கத்திலேயே போயிருந்தார். குமரன் விமானம் பிடித்து வந்து சேரும்வரை தெருவே வாசலில் காத்திருந்ததாம். எனக்குச் செய்தி வந்து நான் கிளம்பிப் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவரை நினைத்தால் எனக்கு நான் அந்த வீட்டிலிருந்த கடைசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது.

அன்றைக்கும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நான், செல்வியக்கா, டெய்லரம்மா. போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தோம். குமரன் அன்று எங்களை விசாரிக்கவில்லை. "யாரும் தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கு நான் அம்மாகிட்ட மட்டும் பேசணும்" என்றார்.

நர்சம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "இருக்கட்டும்டா, அவங்க இன்னா..." என்று எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார். செல்வியக்கா முதலில் எழுந்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று தம்ளரை வைத்துவிட்டு நடந்தாள். டெய்லரம்மா அவள் பின்னால். நான் கடைசியாக வெளியே வந்து படியடியில் செருப்பைத் தேடினேன். ஜன்னல் திறந்திருந்தது.

உள்ளே நர்சம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. 

"இன்னா பண்றம்மா?" என்று குமரனின் குரல் கேட்டது.

"இல்லடா, பக்கத்து வூட்ல இருந்து இப்ப வந்துடுவாங்க, ஒரு..." நர்சம்மா நிறுத்தினார். பிறகு, நான் அந்த வீட்டில் இருந்தவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"ஒண்ணும் பண்ணலடா. தனியாத்தான் குந்திக்கினு இருக்கேன்."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

"நானும்தாம்மா" என்றார் குமரன்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் வராமல் மாடி ஏறினேன்.